மைப்புள்ளி வைத்த கண்ணாடி

என் மனைவி ஆளை ஏறிட்டுப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் நடுங்கும். சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தால் அது விழுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். "அண்ணி கண்ணுலேருந்து கொசுகூடத் தப்பாது" என்பான் என் தம்பி. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்று ஊரில் பேச்சுக்குச் சொல்கிறோம். அவளுக்குப் பிழைப்பே அதுதான்.

ஆய்வகத்தில் அவளுக்கு மைக்ராஸ்கோப் வேலை. பெண்களின் கருப்பை வாயிலிருந்து சின்ன பிரஷ்ஷால் வழித்தெடுத்ததைக் கண்ணாடித்தகட்டில் தடவி, சாயம் ஏற்றி அனுப்புவார்கள். அதை இவள் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு இடம் விடாமல் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு செல்லின் கரு பெருத்து, கறுத்து, கோணலாகத் தெரிந்தால் பக்கத்தில் பேனாவால் ஒரு மைப்புள்ளி வைப்பாள். பிறகு டாக்டர் பார்த்து உறுதி செய்வார். அந்தப் புள்ளிக்கு அநேகமாகப் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. இப்படியே விட்டால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் ஆகலாம் என்று அர்த்தம். இன்னும் வராத ஒன்றை வாசலிலேயே மறித்து நிறுத்துகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

கண்ணாடியில் பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான். வீட்டுக்கு வந்தால் வேலையைப் பற்றி மூச்சுவிட மாட்டாள்.

எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் தம்பி மனைவிக்கு வீட்டுப் பெயர் டெய்லர். முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். "எப்பத்தான் டெஸ்ட் எடுத்துக்கப் போற?" என்று என் மனைவி விடாமல் கேட்பாள். "பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் முடியட்டும்க்கா" என்பாள் இவள். அது முடிந்தால் கல்யாண ரவிக்கை. பிடி கொடுக்கவே மாட்டாள்.

ஒரு வாரமாக என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவளும் டெய்லரும் நானும் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது, தன் வழக்கத்தை மீறி அவளே ஆரம்பித்தாள்.

"ஒரு பொண்ணைக் கண்டுபிடிக்க முடியல. நான்தான் புள்ளி வெச்சேன். உடனே வரச் சொல்லணும். கொடுத்த போன் நம்பர் தப்பாம். நர்ஸ் தெருவுக்கே போய்த் தேடினாளாம். அப்படி ஒரு வீடே இல்லையாம்."

"எந்த கிளினிக்குக்கா?" என்றாள் டெய்லர்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம். பேருகூடப் பொய்யோ என்னவோ."

டெய்லர் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த பட்டாணி தரையில் உருண்டது.

"நான் கொடுத்தது எங்க கணக்கு டீச்சர் பேருக்கா. அவசரத்துக்கு வேற பேர் வாயில வரல."

என் மனைவிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எனக்கு அதற்கும் மேல் ஆயிற்று. "மாமா, நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றாள் டெய்லர். போனேன். காது மட்டும் உள்ளேயே இருந்தது.

"அறிவிருக்காடி உனக்கு? எனக்குப் பயந்தா அவ்ளோ தூரம் போன?"

"பயம் இல்லக்கா, வெட்கம். தினம் ஒரே அடுப்புல நிக்கிறோம். அதையும் நீங்க பார்த்துட்டா அப்புறம் உங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"எல்லா கிளினிக் கண்ணாடியும் என் மேசைக்குத்தான்டி வருது! வந்தாலும் எனக்கு நீ வெறும் நம்பர்தானே?"

அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். "செத்துப் போயிடுவேனாக்கா?" என்று கேட்பது காதில் விழுந்தது. "போக மாட்ட. ஆனா நாளைக்கே என்கூட வர" என்றாள் என் மனைவி.

மறுநாள் லீவு போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதித்து, பிறகு ஒருநாள் கெட்ட இடத்தை மட்டும் அகற்றினார். அன்று மாலையே டெய்லர் வீட்டுக்கு நடந்து வந்தாள். கொஞ்ச நாளில் மிஷின் சத்தம் மறுபடி கேட்டது. பின்னால் எடுத்த டெஸ்டிலும் ஒரு குறையும் இல்லை. ஒரு உயிரைக் காப்பாற்றுவது என்றால் ஓட்டமும் ரத்தமும் அலறலுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே எல்லாம் சத்தமே இல்லாமல் முடிந்துவிட்டது.

அப்புறம் அந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்று டெய்லர் அடம்பிடித்தாள். டாக்டரிடம் அனுமதி வாங்கி என் மனைவி கூட்டிப்போனாள். டெய்லரே கூப்பிட்டதால் நானும் போனேன். முதலில் என்னைத்தான் பார்க்கச் சொன்னார்கள். பெயிண்ட் கடையில் காலமெல்லாம் நிறம் விற்றவன், வாயைப் பிளந்துவிட்டேன். இளநீலமும் ரோஜா நிறமுமாகச் செல்கள் பரந்து கிடந்தன. எங்கள் கடையில் அந்த நீலம் இல்லை. ஒரு ஓரத்தில், மைப்புள்ளிக்குப் பக்கத்தில், கறுத்த கருவோடு கொஞ்சம் செல்கள் கும்பலாக நின்றன.

டெய்லர் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அழகா இருக்கேக்கா. இதுவா என்னைக் கொல்ல இருந்துச்சு?"

"விட்டிருந்தா."

"இத்தனை நல்லதுக்கு நடுவுல, இந்த ஓரத்துல இருந்தது எப்படிக்கா கண்ணுல பட்டுச்சு?"

"அன்னைக்கு அதுதான் கடைசிக் கண்ணாடி. கண்ணு ரெண்டும் எரிஞ்சுது. ஓரம்தானே, போகட்டும்னு ஒரு நிமிஷம் தோணத்தான் செஞ்சுது."

"ஏன் விடல?"

"யாருன்னே தெரியாதப்போ எப்படிடி விட முடியும்?"

டெய்லர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.