மீன்முள்ளில் செய்த உரம்

கண்ணாடிக் குவளையின் அடியில் அது அரிசிமாவைப் போல வெள்ளையாகப் படிந்திருந்தது. ஏழு நாட்கள் வடித்து, கழுவி, மறுபடி வடித்து நான் எடுத்தது. எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான மிஸ் என் குறிப்புப் புத்தகத்தை ஒருதரம் பார்த்தார். குவளையைத் தூக்கினார். குழாயைத் திறந்துவிட்டு முழுவதையும் தொட்டியில் ஊற்றினார்.

"நிறுவையிலை பிழை. இதை வயலிலை போட்டால் உம்மட பிழை வயலுக்கும் போகும். திரும்பச் செய்யும்."

பக்கத்து அறைக் கிளார்க்மார் இரண்டு பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று நான் கழிவறைக்குள் போய் அழுதேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எத்தனையோ பெரிய விசயங்கள் இருக்க, அந்தத் தண்ணீர் ஓடிய சத்தம்தான் முதலில் வருகிறது. அவரை நான் வெறுக்கத் தொடங்கியது அன்றுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததற்கு அதுவும் காரணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போரின் கடைசி வருடங்கள் அவை. திருகோணமலை நகரத்தில் மூன்று அறைகள் கொண்ட ஒரு சிறிய விவசாய ஆய்வு நிலையத்தில் நான் ஆய்வுகூட உதவியாளர். ஏலுமான எல்லாரும் வெளிநாட்டுக்குப் போக வழி பார்த்த காலத்தில், வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் எடுத்துக்கொண்டு மிஸ் திரும்பி வந்தார். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட. திரியாய்க் கிராமத்தில் வயல் செய்த குடும்பம். போரில் அங்கிருந்து அடித்துக் கலைக்கப்பட்டு நகரத்தில் உறவினர் வீட்டின் ஒரு பக்கத்து அறையில் இருந்தார்கள். காலையில் எனக்கு முதலே வந்துவிடுவார். என் பிள்ளைகளுக்குச் சுகமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்போது யூரியா கிடைப்பது தங்கம் கிடைப்பது போல. அதில் குண்டு செய்யலாம் என்று கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். ஒரு மூட்டை வாங்கப் பொலிஸில் கடிதம், கொண்டுபோக ஆமியிடம் கடிதம். இரண்டும் கையில் இருந்தாலும் வழியிலுள்ள சோதனைச் சாவடியில் இறக்கி வைத்துவிடுவார்கள். உரம் இல்லாமல் விதைத்த நெல், முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி நின்றது. கிடைத்த கொஞ்சத்தைப் போட்டாலும் ஒரு மழைக்குப் பாதி கரைந்து ஓடிவிடும். "ஓடுற பாதியைப் பிடிச்சு வைச்சால் போதும். ஆரிட்டையும் கடிதம் கேக்கத் தேவையில்லை" என்பார் மிஸ்.

பிடித்து வைப்பதற்கு அவர் கண்டுபிடித்த சாமான் மீன்முள். முள்ளை உலையில் சுட்டு, அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலிலிருந்து மிக நுண்ணிய துணிக்கைகளாக வெள்ளைப் பொடியைத் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு தலைமயிரின் தடிப்பை ஆயிரமாகப் பிரித்தால் எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு துணிக்கை. நானோ என்ற சொல்லை நான் முதன்முதல் கேட்டது அவர் வாயில்தான். அமிலம் துளியும் மிஞ்சாமல் அந்தப் பொடியைக் கழுவ வேண்டும். கழுவி முடித்த பிறகுதான் யூரியாவைச் சேர்ப்போம். யூரியா அந்தத் துணிக்கைகளில் ஒட்டிக்கொண்டு, மண்ணுக்குள் போய்க் கிழமைக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். கழுவுவது என் வேலை. ஒவ்வொரு தொகுதியையும் பதினைந்து தரம், இருபது தரம் கழுவுவேன். அந்த அமிலமும் யூரியாவும் ஒருபோதும் ஒன்றையொன்று தொட்டதில்லை என்பதை மிஸ்ஸை விட நிச்சயமாகத் தெரிந்தவள் நான்.

முள் எடுக்கச் சைக்கிளில் சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்துக்குப் போவோம். கடலுக்குப் போகக் கட்டுப்பாடு, பிடிபாடும் குறைவு. கருவாடு காயப்போட்டிருந்த ஒரு அம்மா, "முள்ளையோ மிஸ் கேக்கிறியள்? நாங்களே இப்ப முள்ளைத்தானே சூப்பிறம்" என்றார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. சூப்பிய முள்ளும் சரிவரும் என்று சொல்லிச் சாக்கை விரித்தார்.

நிலையத்தின் பின்பக்கம் ஆறு பாத்திகளில் நெல் போட்டோம். இரண்டுக்கு முழு யூரியா, இரண்டுக்கு ஒன்றுமில்லை, இரண்டுக்குப் பாதி யூரியா ஏற்றிய எங்கள் பொடி. ஐம்பது நாளில் எங்கள் பாத்திகள் முழு யூரியா போட்டதைவிடக் கரும்பச்சையாக நின்றன. நான் கத்தியே விட்டேன். மிஸ் வரம்பில் குந்தியிருந்து ஒரு இலையைத் தடவிப் பார்த்தார். "பச்சையைப் பாத்துத் துள்ளாதையும். அறுத்து நிறுத்தால்தான் கணக்கு" என்றார். ஆனால் அன்று பின்னேரம் நான் கேட்காமலே எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினார்.

கதிர் வெளிவரத் தொடங்கிய கிழமையில் நகரத்துக்குள் ஒரு குண்டு வெடித்தது. மறுநாள் காலை ஆமியும் பொலிஸும் வந்து நிலையத்தைச் சோதித்தார்கள். யூரியா, அமிலப் போத்தல்கள், உலை, வெள்ளைப் பொடி. மிஸ் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளங்கப்படுத்தினார். கடைசியில் அவரையே கொண்டுபோனார்கள். ஜீப்பில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "அஞ்சாம் பாத்திக்குத் தண்ணி காணாது" என்றார்.

இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் மரியாதையானவர், நல்ல தமிழ் கதைத்தார். கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொல்லி, குடிக்கப் பிளேன்ரீ தந்தார்.

"உங்கட கணவர் துறைமுகத்திலதானே வேலை?"

"ஓம்."

"அவர் உள்ளுக்குப் போற பாஸ் இந்த மாதம் புதுப்பிக்க வேணும், என்ன?"

"ஓம்."

பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார். நாங்கள் செய்தது உரமா குண்டா என்பது அதற்கான பதிலில்தான் இருந்தது. "இந்த அமிலத்தை யூரியாவோட சேர்க்கிறனீங்களா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். கழுவிய கை என்னுடையது. அதைச் சொல்ல உலகத்தில் வேறு ஆளே இல்லை. "எனக்குத் தெரியாது சேர். மிஸ்ஸுக்குத்தான் தெரியும். அவ சொன்னதை நான் செய்தனான்" என்றேன். அவர் எழுதினார். எனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் இருந்த தாளில் கையெழுத்து வைத்தேன். கணவரின் பாஸ் அந்த மாதமே கிடைத்தது.

அடுத்த கிழமை நிலையத்துப் பொறுப்பதிகாரி என்னையும் காவலாளியையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "இதுகளை வெட்டிப் போடுங்கோ. எங்களுக்குத் தலையிடி வேண்டாம்." கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. நசுக்கினால் விரலில் வெள்ளையாக ஒட்டும். ஆறு பாத்திகளையும் வெட்டினோம். இன்னும் மூன்று நான்கு கிழமை விட்டிருந்தால் அறுத்து நிறுத்திருக்கலாம். காவலாளி தன் மாட்டுக்குக் கட்டிக்கொண்டு போனார். வெட்டும்போது எனக்குக் கவலை வரவில்லை. இனி யாரும் என் குவளையைக் கொட்டமாட்டார்கள் என்று ஒரு நினைவு வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பதினான்கு மாதம் கழித்து, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் மிஸ்ஸை விட்டார்கள். தன் சாமான்களை எடுக்க நிலையத்துக்கு வந்தார். அவருடைய கதிரையில் வேறொருவர் இருந்தார். சோதனையில் கொண்டுபோன குறிப்புப் புத்தகங்கள் திரும்பி வரவே இல்லை. முன் தலைமயிர் நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் பையைத் திறந்து என்னிடம் நீட்டினார். நான் அவருடைய பொருட்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தேன்.

"அறுத்து நிறுத்தனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை மிஸ். முந்தியே வெட்டிப்போட்டம்."

"ஆர் வெட்டினது?"

"நானும்தான்."

பையின் வாயை இடது கையால் இழுத்து மூடினார். பிறகு, "உம்மட வாக்குமூலத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினவை. ஒருதரம் இல்லை, ஒவ்வொரு விசாரணையிலையும்" என்றார்.

"பயத்திலை சொல்லிப்போட்டன் மிஸ்."

"எனக்கும் பயமாத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது நகரத்து உரக்கடைகளில் நானோ உரம் போத்தலில் வருகிறது. வேறு நாட்டில் செய்தது, வேறு யாரோ கண்டுபிடித்தது. நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் எங்கள் ஒழுங்கையின் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, இது நல்லதோ என்று என்னைக் கேட்பார்கள். நல்லது என்பேன்.

போன வருடம் பஸ் எடுத்துத் திரியாய்க்குப் போனேன். போர் முடிந்த பிறகு மிஸ் அங்கே தகப்பனின் காணியில் ஒரு சிறிய வீடு கட்டி, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார். மன்னிப்புக் கேட்பதற்கு வழி நெடுகச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு போனேன். வாசல் படலையில் நின்று கூப்பிட்டதும் பாடத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். என்னை அடையாளம் காண அவருக்கு ஒரு கணமும் தேவைப்படவில்லை.

"என்ன விசயம்?"

"சும்மா மிஸ். பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"பாத்திட்டீர்தானே" என்றார்.

படலையை அவர் திறக்கவில்லை. திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார். திருகோணமலைக்கு அடுத்த பஸ் வர இரண்டு மணித்தியாலம் இருந்தது. அவ்வளவு நேரமும் றோட்டோர வெயிலில் நின்றேன். அவர் படிப்பிப்பது அங்கேயும் தெளிவாகக் கேட்டது.