பாட்டுக்கு நடுவே ஒரு குரல்

எங்கள் துணிக்கடை மாடியில் ஆல்டரேஷன் பார்ப்பவரை நாங்கள் ஊசி அக்கா என்று கூப்பிடுவோம். கையில் இருப்பதும் ஊசி, வாயிலிருந்து வருவதும் ஊசி. இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லி வந்த ஒருவரிடம், "பேன்ட்டு அப்படியேதான் சார் இருக்கு, நீங்கதான் வளந்துட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த ஆள் நேராகக் கீழே பில் போடுகிற என்னிடம் வந்து கத்தினார். இப்படி வருகிறவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவது என் தலையெழுத்து.

தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அக்கா ஒரு டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார். அதில் ஒரே ஒரு பாடகர்தான் பாடுவார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிடாரைக் கட்டிக்கொண்டு பாடுகிற ஆள். ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்காக அக்கா வெகுநாள் என்னோடு சேர்ந்து சாப்பிடவில்லை.

ஒரு பாட்டு வந்தால் மட்டும் மிஷினை நிறுத்திவிடுவார். இரவு தாமதமாக வீட்டுக்கு வருகிறவன், உள்ளே தூங்கப் போகிறவளிடம் பாடுகிற பாட்டு. மேடைக் கச்சேரியில் பதிவு செய்தது. நடுவில், "சாவிய..." என்று தொடங்கிய பாடகருக்கு, தான் எழுதிய வரியே மறந்துபோகும். கிடார் மட்டும் சுற்றிச் சுற்றி வரும். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு ஆண்குரல், "எங்க வெச்சேன்னு சொல்லிட்டுத் தூங்கு" என்று உரக்க எடுத்துக் கொடுக்கும். அடுத்து மெல்லிய ஒரு பெண்குரல்: "உக்காருங்க, எல்லாரும் பாக்குறாங்க." பாடகர் சிரித்துவிட்டு, "அண்ணே, உங்க வீட்லயும் இதே கதைதானா?" என்று கேட்டுப் பாட்டைத் தொடர்வார். அதை வெட்டக் கூடாது என்று பாடகரே சொன்னதால் கேசட்டிலும் அப்படியே வந்தது.

அந்த ஆண்குரல் அக்காவின் வீட்டுக்காரர். பெண்குரல் அக்கா. வீட்டுக்காரர் வேன் ஓட்டியவர். வீட்டில் கொட்டாவி விடுவதற்குத்தான் வாயைத் திறப்பார் என்பார் அக்கா. போனில் பேசினால் "ம்", "சரி", அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனிதர் ஒரு அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி எழுந்து நின்றது அந்த ஒரே ஒருமுறை. அவர் இறந்த பிறகு, அக்காவிடம் மிஞ்சிய அவர் குரல் அந்த ஒரு வரிதான்.

போன வருஷம் டேப் சிக்கிக் கேசட் நாசமாகிவிட்டது. நான் என் போனில் தேடி அந்தப் பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. யாரோ புண்ணியவான் கூட்டத்தின் சத்தத்தையெல்லாம் துடைத்துவிட்டு, மறந்த வரியையும் வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தான். அக்கா கடைசிவரை கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். பழைய கேசட்டுக்காக நாங்கள் ஏறி இறங்காத கடை இல்லை.

அந்தப் பாடகர் இறந்துவிட்டதாக ஒரு காலையில் செய்தி வந்தது. அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தார். மதியம் அவர் தைத்து அனுப்பிய பேன்ட்டில் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. எனக்குத் தெரிந்து அக்கா கையில் அப்படி ஒரு தப்பு வந்ததே இல்லை. மாடிக்கு ஓடினேன்.

"எல்லாரும் அவருக்காக அழுவுறாங்க," என்றார் அக்கா. "அவருக்கென்ன, பாட்டு இருக்கு. எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு எந்திரிச்சு நின்னதை ஞாபகம் வெச்சிருந்தது நானும் அந்தப் பாடகரும்தான். இப்ப நான் மட்டும்தான்."

பேன்ட்டைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் மறுபடி தைத்தார்.

சாயங்காலம் அந்தக் கச்சேரி நடந்த பழைய அரங்கத்தின் வாசலில் ரசிகர்கள் கூடுகிறார்கள் என்றார்கள். வர மாட்டேன் என்ற அக்காவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். படிக்கட்டு முழுக்கப் பூ. நாலைந்து பேர் கிடாரோடு நின்றார்கள். மற்றவர்கள் வாய்க்கு வந்த சுருதியில் பாடினார்கள். பாடகர் கேட்டிருந்தால் இன்னொருமுறை செத்திருப்பார். அக்கா உதட்டைக்கூட அசைக்கவில்லை.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. "சாவிய..." என்று பாடிய கூட்டம் சட்டென்று நின்றது. கிடார் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி அத்தனை பேரும், பாடாமல், அந்தக் கேசட்டில் இருந்த அதே இழுவையோடு உரக்கச் சொன்னார்கள்: "எங்க வெச்சேன்னு சொல்லிட்டுத் தூங்கு."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். அவரை அறியாமலே அவர் வாயிலிருந்து வந்தது: "உக்காருங்க, எல்லாரும் பாக்குறாங்க."

முன்னால் நின்ற கிடார்க்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "அம்மா, நீங்க..." என்று இழுத்தார்.

"அது எங்க வீட்டுக்காரர்," என்றார் அக்கா.

"இன்னிக்கு இது வரைக்கும் ரெண்டு பேர் நான்தான் அந்த ஆளுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க," என்றார் கிடார்க்காரர். "ஆனா இந்தக் குரல் எனக்கு நல்லாத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து கேக்குறேன். ஐயா வந்திருக்காரா?"

அக்கா இல்லை என்று தலையசைத்தார். புரிந்துகொண்ட கிடார்க்காரர் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். விஷயம் படிக்கட்டு வரை போய்ச் சேர்ந்தது. அக்காவுக்கு வழி விட்டு, முன்னால் நிறுத்தி, பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

மறுபடி அந்த இடம் வந்தது. எல்லாரும் வீட்டுக்காரரின் வரியைச் சொல்லி முடித்தார்கள். கிடார் காத்திருந்தது. அடுத்த வரி அக்காவுடையது என்று அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பியது.

அக்கா சொல்லவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை.

"அக்கா, சொல்லுங்க," என்றேன் மெதுவாக.

"வேண்டாம்டி," என்றார். "அவரு இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."