சூலத்தில் தொங்கிய செயின்

என் தோட்டத்துக்கு அடுத்த காட்டுக்காரர், எங்கள் மலையின் வளப்பூர் நாட்டுக்காரர், மிளகு விற்ற பணத்தில் புதிதாக ஒரு டீசல் கார் வாங்கினார். வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. ஒருநாள் காலை பலாப்பழம் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும்போது வளைவில் எஞ்சின் நின்றது. ஸ்டியரிங் இறுகியது, பிரேக் மிதிபடவில்லை. கார் இடதுபக்கப் பாறையில் உரசி மோதியது. முன்சீட்டில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஜன்னலுக்கு வெளியே கை போட்டபடி உட்கார்ந்திருந்தார்.

பின்னால் வந்த பஸ்ஸில் நான் இருந்தேன். இறங்கிப் பார்த்தபோது பழங்கள் பிளந்து ரோடெல்லாம் சுளை சிதறிக் கிடந்தது. மச்சானின் கை கதவுக்கும் பாறைக்கும் நடுவில் இருந்தது. கடப்பாரை போட்டுக் கதவை நெம்பித்தான் எடுத்தோம். சேலம் ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எங்கள் மலையில் டீசலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டுகிறவர்கள் உண்டு. இவரும் அப்படித்தான் செய்தார் என்று மச்சான் வீட்டார் முடிவு கட்டினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அடித்தார்கள். முதலில் செருப்பு, பிறகு கை. கீழே விழுந்தவரை ஒருவன் வயிற்றில் மிதித்தான். அவர் ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் அணைக்கலீங்க. தானா நின்னுச்சுங்க." அன்றைக்கே மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். எஞ்சின்தான் நின்றது என்று தெரியாமல் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினார்.

கார் கம்பெனியின் மீட்பு வண்டி மலையேறி வராது என்று சொல்லிவிட்டதால் செம்மேட்டு மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். உள்ளே டைமிங் செயின் அறுந்து கிடந்தது; அது அறுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். கார்க்காரர் கைக்காசு போட்டு எல்லாவற்றையும் மாற்றினார். அதன்பிறகு அவர் செய்தது, எங்கள் பக்கத்தில் யாரும் செய்வதுதான். உயிர் தப்பிய விபத்தில் உடைந்த இரும்பை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். செயினைக் கொண்டுபோய் அந்த வளைவில் இருக்கும் முனியப்பன் சூலத்தில் மாட்டிவிட்டு வந்தார்.

கம்பெனிக்குப் புகாரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கோரிக்கைகள். ரிப்பேர் செலவைத் திருப்பித் தர வேண்டும், குறை எஞ்சினில்தான் என்று எழுதித் தர வேண்டும். பழைய பாகத்தை ஒப்படைத்தால்தான் பரிசீலிப்போம் என்று பதில் வந்தது.

செயினைத் திருப்பி எடுக்க அந்த வளைவுக்குப் பைக்கில் போனோம். எங்களுக்கு முன்பே செய்தி போயிருந்தது. சூலத்தடியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மடியில் கொடுவாள்.

"சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்க வந்திருக்கறயா மாப்ள? கூச்சமா இல்ல?"

"சாமிக்குத் தெரியும் மச்சான். உனக்குத் தெரியோணும்ல, அதுக்குத்தான்."

"எனக்குத் தெரிஞ்சது இதா," என்று மச்சான் கட்டுப்போட்ட மொட்டைக் கையைத் தூக்கினார்.

பிறகு எழுந்து, கொடுவாளைக் கீழே போட்டுவிட்டு, சூலத்திலிருந்து செயினை உருவிக் கார்க்காரரை அடித்தார். முதல் அடி காதில். இரண்டாவது கன்னத்தில், செயினின் கண்ணிகள் வரிசையாகப் பதிந்தன. மூன்றாவதைத் தடுக்கப்போய் விரல் உடைந்தது. நான் குறுக்கே போனேன். "நீங்க தள்ளி நில்லுங்க," என்றார், அடிவாங்கியவர். நான்காவது அடி தோளில். அத்தோடு மச்சானுக்கு மூச்சு வாங்கியது. செயினை அவர் காலடியில் எறிந்தார்.

"கொண்டு போ. உன் ரத்தமும் ஒட்டியிருக்குது. அதையும் சோதிச்சுப் பாக்கச் சொல்லு."

கழுவாமலே கம்பெனி ஷோரூமில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கவுன்டரில் இருந்தவர் காகிதத்தால் பிடித்து பிளாஸ்டிக் பையில் போட்டு நம்பர் ஒட்டினார்.

அடுத்த மாதம் பதில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் காரிலேயே மச்சான் வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்று வாசித்தேன். ரிப்பேர் செலவு முழுவதும் திருப்பித் தரப்படும். இது வாடிக்கையாளர் நலன் கருதி மட்டுமே. எஞ்சினில் குறை இருந்ததாகக் கம்பெனி ஒப்புக்கொண்டதாக இதற்குப் பொருளில்லை.

"எஞ்சின் தப்புன்னு எழுதியிருக்குதுங்களா?" என்று மச்சான் கேட்டார்.

"இல்லீங்க."

"இவன் தப்புன்னு?"

"அதும் இல்லீங்க."

"அப்ப என் கை சும்மாவே போயிருச்சு," என்று சிரித்தார். கதவோரம் நின்றிருந்த தங்கை சிரிக்கவில்லை.

கார்க்காரர் மாட்டுக்கொட்டகையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். முன்கண்ணாடி இரண்டு அடியில் உள்ளே விழுந்தது. விளக்குகளுக்கு ஒவ்வோர் அடி போதுமானதாக இருந்தது. சரியாக ஒட்டாத விரலில் மறுபடி ரத்தம் வந்து கடப்பாரை வழுக்கியது; வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். பானெட்டைத் தூக்கி, எஞ்சினுக்கு நேராகக் கடப்பாரையை ஓங்கினார்.

"அத உடு மாப்ள," என்றார் மச்சான். "வெள்ளிக்கிழம எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

ஓங்கிய கை கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

வெள்ளிக்கிழமை முன்கண்ணாடி இல்லாத காரில் மலையிறங்கினோம். முன்சீட்டில் மச்சான். பின்னால் என் பக்கத்தில் அவர் தங்கை, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு. காற்றும் தூசியும் முகத்தில் அடித்தன. வளைவுக்கு வளைவு எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. மச்சான் ரோட்டைப் பார்க்கவில்லை. அடிவாரம் வரும்வரை சாவியையே பார்த்துக்கொண்டு வந்தார்.