மேற்கே போன செவ்வாய்க்கிழமை

1976 ஜனவரி 13, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தேகால் மணி. பாலைவன ஓரத்துச் சிற்றூரான செடூனாவில், பெற்றோல் நிலையத்து வாசலில் காரை நிறுத்தி அண்ணா இருபுறமும் பார்த்தார். ஒருபுறம், இரண்டு நாளாக மெல்பேர்ணிலிருந்து நாங்கள் வந்த வழி. மறுபுறம், மேற்கே பேர்த்துக்குப் போகும் பாலைவனச் சாலை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மெல்பேர்ணில் அவருடைய பொறியியல் இறுதிப் பாடத்துக்கு மறுபரீட்சை. அதை எழுதாவிட்டால் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடமில்லை. இருவரும் மாறிமாறி ஓட்டினால் இன்னும் போய்ச் சேரலாம் என்று வரைபடத்தை மடியில் விரித்துக் கணக்கிட்டு வைத்திருந்தேன்.

அவர் மேற்கே திருப்பினார்.

பேர்த்தில் ஒரு வேலை பார்க்கப் போவதாக மட்டுமே சொல்லியிருந்தார். அவரைத் திருப்பிக் கூட்டிவரலாம் என்ற நினைப்பில்தான் நானும் ஏறியிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் மூத்தவரின் தோல்வியை இளையவர் நேரே பேசுவதில்லை. அம்மா வழியாகத்தான் அது போய்ச் சேரும். அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார்.

தார் முடிந்து மண்பாதை தொடங்கியது. மரம் என்று ஒன்று இல்லை. சாம்பல் நிறப் பற்றைச் செடிகள் அடிவானம் வரை ஒரே உயரத்தில் நின்றன. பூட்டிய கண்ணாடிகளுக்குள்ளும் புழுதி வந்து பற்களில் நறநறத்தது. ஒவ்வொரு மைல்கல்லையும் திரும்பும் தூரத்தோடு கூட்டிக்கொண்டே வந்தேன். பத்து மணிக்கு மேல் கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.

நண்பகலில் ஒரு சக்கரத்தில் காற்றுப் போனது. அண்ணா காருக்கு ஜாக்கியை முட்டுக்கொடுத்தார். நான் குடை பிடித்தேன்.

"உன்னை ஓட விட்டிருந்தா கார் நீ எழுதுற கவிதை மாதிரிப் போயிருக்கும்," என்றார். "போகுமிடம் ஒருத்தருக்கும் விளங்காது."

நான் சிரிக்கவில்லை. அவர் கழற்றிய சக்கர ஆணிகளை என் கையில் வைத்தார்.

"ஊரிலை அப்பா வீட்டு மதிலிலை பேர்ப்பலகை பூட்டிப்போட்டாராம். என்ரை பேருக்குப் பின்னாலை பட்டத்தையும் வெட்டுவிச்சு. ஊர்ச்சனம் வந்து பாத்திட்டுப் போகுதாம். இனி நான் போயிருந்து என்னத்தைப் பிள்ளை எழுதுறது?"

"சோதினை முடிஞ்சுது எண்டு நினைச்சிட்டார், அண்ணா."

"ஓம். முதல் தரம் கோட்டை விட்டதை நான் வீட்டுக்கு எழுதேல்லையே."

சக்கரத்தை மாட்டி முடித்ததும் அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இனி எப்படி ஓட்டினாலும் நேரம் போதாது.

"மூண்டு நாளா ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

"கேட்டிருந்தா திருப்பியிருப்பன்," என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் நான் அழுதிருக்கலாம்.

மறுநாள் காலை, சாலையோர விடுதியின் மேசையில் ஒரு வான்கடிதத்தை விரித்து எழுதினேன்: 'அன்புள்ள அப்பா, அண்ணா முதற் பரீட்சையில் சித்தியடையவில்லை. மறுபரீட்சைக்கும் போகவில்லை. அவரோடு இருந்தும் நான் அவரைத் தடுக்கவில்லை.' மீதித்தாள் வெறுமையாகவே கிடந்தது. அதை அண்ணாவிடம் நீட்டினேன். அவர் நின்றபடியே இருமுறை வாசித்தார். பிறகு மடித்து, ஓரத்துப் பசையை நாவால் நனைத்துத் தாமே ஒட்டித் தந்தார். நான் அதைக் கொண்டுபோய் விடுதிக்காரியின் தபால் பையில் போட்டேன்.