பெரியப்பா வைத்த கைநாட்டு

போன வருடம், மலையில் மழை பிடிக்கத் தொடங்கியிருந்த நேரம். நானும் மகளும் ஹட்டனிலிருந்து பஸ் ஏறி நுவரெலியாவில் இருக்கும் காணி அலுவலகத்துக்குப் போனோம். கொழும்பில் வேலை செய்யும் மகள், வெளிநாடு போக எழுதிப் போட்டிருந்தாள். இங்கே நமக்கென்று ஒரு துண்டு நிலம் இருந்தால் எப்படியும் திரும்பி வருவாள் என்பது என் எண்ணம்.

அப்படி ஒரு நிலம் எங்களுக்கு இருந்தது. பொகவந்தலாவையில், தோட்ட எல்லைக்கு வெளியே அரை ஏக்கர். அரசாங்க அனுமதிப் பத்திரத்தில் அப்பாவுக்குக் கிடைத்தது. மண்சுவர் வைத்து, தகரம் போட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியே வந்து நான்கு வருடம் அங்கே இருந்தோம். பிறகு ஒருநாள் அதிகாரிகள் வந்து, காணி வேறொருவர் பெயருக்கு மாறிவிட்டது என்றார்கள். திரும்பவும் லயத்துக்கே போனோம்.

காணிக் கந்தோரில் பெரியப்பா கைநாட்டு வைத்ததைப் பார்த்ததாக ஊரில் பேச்சு. சொந்த அண்ணனே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அப்பா நம்பினார். அதே தோட்டத்தில், பத்து லயம் தள்ளி இருந்த பெரியப்பா இறந்தபோதுகூட எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அந்த மோசடியை நிரூபித்துக் காணியை மீட்கலாம் என்றுதான் நான் புறப்பட்டேன்.

"டீச்சரம்மா, காணி கெடச்சா எனக்கு ஒரு ரூம் போதும். மிச்சத்துல நீங்க லீக்ஸ் பயிர் போடுங்க" என்று பஸ்ஸில் மகள் டீச்சரான என்னைக் கிண்டலடித்தாள்.

கந்தோரில் இருந்த இளம் அதிகாரி, மூன்றாவது தடவையாக அன்று போனபோதுதான் கோப்பைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். தூசியில் தும்மிக்கொண்டே, "இதுக்கு என்னை விட வயசு கூட, டீச்சர்" என்றார். எல்லாம் சிங்களத்தில் இருந்தது. மகள்தான் வாசித்தாள்.

"அம்மா, காணிக்கு வேற ஒருத்தர் உரிமை கேட்டிருக்காரு. பத்திரத்தோட விசாரணைக்கு வரச் சொல்லி தாத்தாவுக்குக் கடிதம் போயிருக்கு. வரலன்னா ரத்தாகும்னு போட்டிருக்கு. தாத்தா போகல."

"கடிதம் வந்தாத்தானே போறதுக்கு!" என்றேன்.

"வந்திருக்கே. பதிவுத் தபால். வாங்கின சீட்டு இருக்கு." அவள் குரல் இறங்கியது. "இது உங்க கையெழுத்தும்மா."

ஆங்கிலத்தில், முதல் எழுத்தைச் சுழித்து, அடியில் கோடு இழுத்த கையெழுத்து. பள்ளிக்கூடக் கொப்பி முழுக்கப் போட்டுப் பழகியது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. லயத்து ஆட்களும் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அந்தக் கடிதம் சிங்களத்தில் இருந்தது. எனக்கு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டத்தான் தெரியும், ஒன்றும் விளங்கவில்லை. அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம், "எந்தப் பாஷையில வந்தாலும் எம்மக வாசிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டு நின்றார். நான், "ஓட்டு லிஸ்ட்டு விஷயம்ப்பா, ஒண்ணுமில்ல" என்றேன்.

கோப்பில் இன்னொரு தாளும் இருந்தது. தம்பி வேலைக்குப் போயிருப்பதாகவும், காணியை ரத்துச் செய்யாமல் இன்னொரு தவணை தரும்படியும் விசாரணை நாளன்று வேறு அலுவலாக அங்கே போயிருந்த பெரியப்பா மன்றாடியிருக்கிறார். அதன் கீழேதான் அவருடைய கைநாட்டு.

காணி போன பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒனக்குக் கடிதம் வந்திருக்குமேடா?" என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "வந்ததெல்லாம் எம்மக வாசிச்சிருக்கு. நீ நடிக்காத!" என்று அப்பா கத்தினார். நான் அடுப்படியில் நின்றேன். அந்தக் கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு மறந்துவிட்டேன். மறப்பது வசதியாக இருந்தது.

காணியில் இப்போது வேறு குடும்பம் பேரன் பேத்தியோடு இருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அதிகாரி பக்குவமாகச் சொன்னார். "விடுங்கம்மா, சின்னப் புள்ளதானே நீங்க" என்றாள் மகள். அவள் கொழும்புக்குத் திரும்பிப் போன பிறகும் அந்தச் சமாதானம் எனக்கு ஒட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் மகனைத் தேடிப் போனேன். அண்ணன் முறை, முப்பது வருடத்துக்கு மேல் பேசாத அண்ணன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "இத எங்கப்பாகிட்டல்ல சொல்லியிருக்கணும், தங்கச்சி" என்றார். பிறகு மனைவியிடம் தேத்தண்ணி போடச் சொன்னார்.

இன்று என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று "தெரியல டீச்சர்" என்று சொன்னால், நான் கோபப்படுவதில்லை. அந்த ஒரு வார்த்தையை அன்று நான் சொல்லியிருந்தால், காணி போயிருந்தாலும் அப்பாவுக்கு அண்ணன் மிஞ்சியிருப்பார்.