நேசம்மா அக்காவின் கையிலிருந்த வேதப்புத்தகம்

எங்கள் நூலகத்துக்குப் பழைய புத்தகம் கொடுக்க வருபவர்களிடம், கையெழுத்து வாங்குவதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன். "நீங்க காலமாகும்போ இது சவப்பெட்டிக்குள்ள வேணுமா?" பலர் முகம் சுளிப்பார்கள். சிலர் சண்டைக்கே வருவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் நிற்க முடியாமல் நெளிவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நூலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் பழைய மிஷன் ஆலயத்தை ஒட்டி இரண்டு அறைகள், சில ஸ்டீல் ரேக்குகள். எங்கள் சபை உண்டான கதையைச் சொல்லும் புத்தகங்களும் படங்களும் அங்கே இருக்கின்றன. காட்டாக்கடையில் அரசு வேலை முடிந்து ஓய்வு பெற்றபின் நான் இங்கே வந்தேன்.

அங்கிருப்பதிலெல்லாம் எனக்கு உயிர், நேசம்மா அக்கா கொடுத்த தமிழ் வேதப்புத்தகம். அவர்கள் குலத்துப் பெண்கள் எழுத்துப் படிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், அவர்கள் வீட்டு மூத்த பெண்கள் சிலர் மிஷன் வளாகத்தில் உட்கார்ந்து இதில்தான் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். தாள்களின் கீழ்மூலையெல்லாம் எண்ணெயும் அடுப்புக்கரியும் பட்டுக் கறுத்திருக்கும். கிளீன் பண்ணித் தருகிறேன் என்று வந்தவரை நான் விரட்டாத குறை. மிஷனரிமார் பெயரெல்லாம் அச்சில் இருக்கிறது. இந்தப் பெண்களின் விரல் பட்ட இடம் இது ஒன்றுதான் எங்களிடம் உண்டு.

ஒருநாள் காலையில் அக்காவின் மகன் ஜெயசிங் வந்தார். வெள்ளறடையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அம்மை போயாச்சு அக்கா. சாயங்காலம் அடக்கம். அந்தப் புத்தகம் வேணும்."

"எதுக்கு மக்கா?"

"பெட்டிக்குள்ள வைக்கணும். ஒடுக்கம் அம்மை கேட்டது அது ஒண்ணுதான்."

எங்கள் சபையில் இறந்தவர் கையில் அவரவர் வேதப்புத்தகத்தை வைத்து அடக்கும் வழக்கம் உண்டு. நன்கொடையாக வந்தது வெளியே போகாது என்பது நூலக விதி. அதைச் சொன்னேன். அவர் அம்மாவே மனதாரக் கொடுத்தது என்றும் சொன்னேன்.

"தந்தவளே திருப்பிக் கேட்டா நீங்க என்ன சொல்லுவிய?" என்றார்.

நூலகச் செக்ரட்டரிக்குப் போன் போட்டேன். பூவாரில் இருக்கிறார், பேங்க் மேனேஜராக இருந்தவர். "ஒண்ணு குடுத்தா பின்ன எல்லாரும் வருவாவ. மண்ணுக்குள்ள வைக்கவா கிரேஸ் நாம இத காத்தது?" என்று போனை வைத்துவிட்டார்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். ஆராதனை முடியும்வரை புத்தகம் அக்கா கையில் இருக்கட்டும், பெட்டி மூடும் முன் நான் எடுத்துக்கொள்கிறேன்.

"உங்களுக்குக் கை வருமெங்கி எடுத்துக்கிடுங்க" என்றார் ஜெயசிங்.

சாயங்காலம் புத்தகத்தை நானே கொண்டுபோய், வெள்ளைக் கையுறை போட்ட அக்காவின் கைகளுக்குள் வைத்தேன். போதகர் மலையாளத்தில் ஜெபித்தார். அக்காவுக்காகத் தமிழ்ப்பாட்டு ஒன்று பாடினார்கள். பாட்டு முடிந்ததும் முகத்தை மூட வெள்ளைத் துணியோடு அக்காவின் மகள் வந்தாள். இனித் தாமதித்தால் முடியாது.

"ஒரு நிமிஷம்" என்று முன்னே போனேன். புத்தகம் லேசில் வரவில்லை. விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. "எலே, இவளுக்கு நெஞ்சில ஈரம் உண்டா?" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எடுத்தேன்.

எடுத்தபின்னும் அந்தக் கைகள் புத்தகத்தைப் பிடித்த வாக்கிலேயே இருந்தன. அப்படியே விட்டுத் திரும்ப என்னால் முடியவில்லை. என் தோள்பையில் என்னுடைய வேதப்புத்தகம் இருந்தது. கல்யாணத்தின்போது அப்பா வாங்கித் தந்தது. ஓரங்களில் என் பென்சில் எழுத்து. பிள்ளைகள் பிறந்த நாள், என் வீட்டுக்காரர் போன நாள் எல்லாம் அதில்தான் குறித்திருந்தேன். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். அதை எடுத்து அக்காவின் கைக்குள் வைத்தேன். ஜெயசிங் பார்த்துக்கொண்டே நின்றார். பெட்டியை மூடினார்கள்.

இன்றும் அவர் என்னிடம் பேசுவதில்லை. எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் எடுத்தது தப்பென்றும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டுதான் தினமும் அந்த அறையைத் திறக்கிறேன்.

அதனால் அந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வேணும் என்று சொன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செத்தவர் விரலை விலக்குகிற வேலை இன்னொருவருக்கு வர வேண்டாம்.

போன மாதம் ஒரு பெரியவரிடம் நான் இதைக் கேட்டபோது என் மகள் கூட இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "எல்லார்ட்டயும் கேக்கியளே, உங்களுக்கு எத வைக்கணும்?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் வைக்கண்டாம் மக்கா. என்னோடது எனக்கு முன்னயே போயாச்சு" என்றேன்.