மோட்டார் அறையில் ஒரு வாசகர்

எலும்பு டாக்டருக்குப் போய் ஆறாம் மாடியில் இடம் கொடுத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். கால் ஒடிந்தவர், இடுப்பு பிடித்தவர் என்று இங்கே வருகிற அத்தனை பேருக்கும் லிஃப்ட்தான் தெய்வம். அது நின்றுவிட்டால் வசவு வாங்குவது வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனாகிய நான்.

லிஃப்டைப் பார்க்க வருபவரை லிஃப்ட்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தங்கமான ஆள். வந்ததும் கீழே கதவில் ஒரு அட்டையை மாட்டுவார். ‘வேலை நடக்கிறது. மன்னிக்கவும்.’ அவருடைய மகள் கலர் பென்சிலில் எழுதியது. ஓரத்தில் ஸ்பேனர் பிடித்த ஒரு மீசைக்காரர். முகத்தைவிட மீசை பெரிது. “என் பொண்ணு வரைஞ்சதுண்ணே” என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் காட்டுவது போலக் காட்டுவார்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு, கதைப் புத்தகம். டீ குடிக்கும்போதெல்லாம் அதே புலம்பல்தான்.

“கல்யாணத்துக்கு முன்னாடி சோறு தண்ணி இல்லாம படிப்பேண்ணே. இப்ப புத்தகத்தத் திறந்தா மூணாவது வரியில ‘அப்பா’ன்னு ஒரு குரல். அதுக்குள்ள சின்னவன் வந்து பக்கத்தக் கிழிச்சு வாயில போட்டுக்கிறான்.”

“உங்க வீட்ல அவனாவது புத்தகத்த முடிக்கிறானே, விடு” என்பேன்.

சிரிப்பார். ஆனால் அது உண்மையான ஏக்கம். மனைவிக்குத் தையல் ஆலையில் ஷிஃப்ட் வேலை. அவள் வந்தால் இவர் கிளம்ப வேண்டும். இருப்பதோ இரண்டு அறை. பஸ்ஸிலே நிற்கவே இடமில்லை, இதில் எங்கே படிப்பது? பாதியில் வைத்த நாவலை மறுபடி எடுக்கும்போது யார் செத்தார், யார் இருக்கிறார் என்பதே மறந்துவிடுமாம்.

அன்று காலை லிஃப்ட் மூன்றாம் மாடியில் முரண்டு பிடித்து நின்றது. அவர் வந்தார், அட்டையை மாட்டினார், மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறிப் போனார். போனவர் போனவர்தான். வந்தவர்கள் எல்லாம் தங்கள் வயிற்றெரிச்சலை என் தலையில் கொட்டிவிட்டுப் படியேறினார்கள்.

அப்போது ஒரு பெண், காலில் மாவுக்கட்டுப் போட்ட சிறுமியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். சிறுமி அட்டையைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

“அம்மா, என் போர்டு! அப்பா இங்கதான் இருக்காரு!”

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். “இன்னைக்குக் கட்டுப் பிரிக்கணும்ணே. அவரக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். மூச்சுவிட நேரமில்லன்னாரு. நான் அரைநாள் லீவு போட்டு வந்தேன்.” போன் அடித்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. “கையெல்லாம் கிரீஸா இருக்கும். பாவம், நெஜமாவே வேலதான் போல.”

பிள்ளையை நான் முதுகில் தூக்கிக்கொண்டேன். என் முட்டி என்னைச் சபித்தது. முதல் மாடி தாண்டியதும் ஒரு குண்டு மனிதர் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“எவன்யா அந்த மெக்கானிக்? மேல தூங்குறானா?”

என் காதுக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. “தூங்கல அங்கிள்! அவரு எங்கப்பா. ரொம்பக் கஷ்டமான ரிப்பேர். உயிரக் குடுத்துப் பண்றாரு.”

அவர் வாயை மூடிக்கொண்டார். அடுத்த மாடியில் கைத்தடி ஊன்றிய ஒரு அம்மாளிடமும் அதையே சொன்னாள். அவர் கேட்கவே இல்லை, இவளாகச் சொன்னாள். ஆறாம் மாடி வருவதற்குள் அந்தப் படிக்கட்டு முழுக்க லிஃப்ட்காரரின் புகழ் பரவிவிட்டது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவர்களைக் கிளினிக் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நல்ல சேதி சொல்லலாமென்று மேலே ஏறினேன். மோட்டார் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கருவிகளையெல்லாம் துடைத்துப் பைக்குள் வைத்தாயிற்று. சுவிட்சைப் போடுவதுதான் பாக்கி. அவர் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து, மடியில் தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதையில் யாரோ செத்திருக்க வேண்டும்.

எனக்கு வந்ததே கோபம்! “வேல முடிஞ்சுதா?”

“எப்பவோ முடிஞ்சுதுண்ணே.” தலையைத் தூக்கவில்லை. “இன்னும் நாலே பக்கம்...”

“கீழ உன் பொண்டாட்டியும் பொண்ணும் வந்திருக்காங்கய்யா. படியேறி!”

புத்தகம் நழுவி விழுந்தது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

“புள்ளைய யாரு தூக்கிட்டு வந்தது?”

“நான்தான். வேற யாரு?”

தலையில் கையை வைத்துக்கொண்டார். “பொய் சொல்லிட்டு வந்தேண்ணே. இந்த முடிவு என்னன்னு தெரியாம ரெண்டு வாரமா மண்ட குடைச்சல். இங்க ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்கன்னு... இதே டாக்டர்னுகூட எனக்குத் தெரியாது. எந்த டாக்டர்னு நான் அவகிட்டக் கேக்கவே இல்ல.”

அதைக் கேட்டதும் என் கோபம் இறங்கிவிட்டது.

“சரி விடு. இப்பதான் முடிஞ்சுதுன்னு சொல்லிடு. நானும் ஆமான்னு சொல்றேன்.”

சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. புத்தகத்தைப் பைக்குள் போடாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு இறங்கினார்.

“அப்பா! முடிஞ்சுதா? என்ன ரிப்பேர்?”

படியேறி வந்த எல்லோரும் அந்தப் பெஞ்சுகளில்தான் இருந்தார்கள். குண்டு மனிதர் எழுந்து இடம்விட்டார். “உக்காருங்க தம்பி. ரொம்பச் சிரமமாமே. பாப்பா சொல்லுச்சு.”

நான் பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். லிஃப்ட்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“ரிப்பேர் அப்பவே முடிஞ்சிடுச்சும்மா. மேல ரூம்ல உக்காந்து அப்பா இதப் படிச்சிட்டிருந்தேன்.”

மனைவி புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். குண்டு மனிதர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். சிறுமி அழவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்புறம் யாருக்கும் கேட்காதபடி அப்பாவின் காதுக்கருகில் குனிந்தாள். எனக்குக் கேட்டது.

“நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேப்பா.”